மவுஸை ஒதுக்கிவிட்டு உங்கள் கடைக்குள் நுழையுங்கள்

உங்களுக்கு ஒரு இணையக் கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அல்லது வேறொருவருக்கு நீங்கள் அதை வடிவமைத்துக் கொடுத்திருக்கிறீர்கள். மேலே படிப்பதற்கு முன்னால் ஒரு ஐந்து நிமிட வேலை. கணினியில் அந்தக் கடையைத் திறந்து, மவுஸைக் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். மடிக்கணினி என்றால் டச்பேடையும் தொடாதீர்கள். இனி கீபோர்டு மட்டும்தான். டேப் விசையை அழுத்தினால் அடுத்த இடத்துக்குப் போகும். ஷிஃப்ட்டோடு சேர்த்து அழுத்தினால் முந்தைய இடத்துக்குத் திரும்பும். என்டர் அழுத்தினால் திறக்கும். இப்படியே ஒரு பொருளைத் தேடிப் பிடித்து, கூடையில் போட்டு, பணம் கட்டும் பக்கம் வரை போய்ச் சேருங்கள் பார்க்கலாம்.

நான் முதன்முதலில் இதைச் செய்து பார்த்தது நானே கட்டிக்கொடுத்த ஒரு துணிக்கடையில். மேலே இருந்த மெனுவைத் தாண்டவே நாற்பது தடவைக்கு மேல் டேப் அழுத்த வேண்டியிருந்தது. சரி, போகட்டும் என்று ஒரு சட்டையின் பக்கத்துக்கு வந்தேன். அளவுகள் கட்டம் கட்டமாக அழகாகத்தான் இருந்தன. டேப் அழுத்தினால் அவற்றையெல்லாம் தாண்டிக் குதித்து நேராகக் 'கூடையில் சேர்' பட்டனில் போய் நின்றது. அழுத்தினேன். 'அளவைத் தேர்ந்தெடுக்கவும்' என்றது. தேர்ந்தெடுக்கத்தான் வழியில்லையே! அந்தக் கடை ஒன்றரை வருடமாக அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. ஒருவரும் புகார் சொல்லவில்லை. வாங்க முடியாமல் போனவர் உட்கார்ந்து புகார் எழுதிக்கொண்டிருக்க மாட்டார், வேறு கடைக்குப் போய்விடுவார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஒரு செய்தித் தளத்தில் நான்கு படங்களுக்கு விளக்கம் இல்லாவிட்டாலும் கட்டுரையைப் படித்துவிடலாம், பாதிப் பயனாவது கிடைக்கும். கடை அப்படியில்லை. தேடுவது, பார்த்து முடிவெடுப்பது, கூடையில் போடுவது, முகவரி தருவது, பணம் கட்டுவது என்று எல்லாம் ஒரே பாதை. அதில் ஒன்பது படிகள் ஒழுங்காக இருந்து பத்தாவது படி இடிந்திருந்தால், அந்த ஆளுக்கு உங்கள் கடை பூட்டித்தான் இருக்கிறது. அதனால் ஒரு கடையை எல்லோரும் பயன்படுத்தும்படி செய்வது என்றால், அந்தப் பாதை எங்கேயும் அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வது என்றே நான் புரிந்துகொள்கிறேன். இதைத்தான் 'அணுகல்தன்மை' என்ற பெரிய சொல்லால் குறிப்பிடுகிறார்கள்.

யார் யாருக்கு இது

உலகில் சுமார் 130 கோடிப் பேர், அதாவது ஆறு பேரில் ஒருவர், குறிப்பிடத்தக்க ஏதோவொரு உடற்குறையோடு வாழ்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மாற்றுத்திறனாளி என்றதும் கறுப்புக் கண்ணாடியும் சக்கர நாற்காலியும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. கடைக்கு வருகிறவர்களோ பல விதம். முழுக்கப் பார்வை இல்லாதவர் ஒருவர். பார்வை மங்கி, திரையை நான்கு மடங்கு பெரிதாக்கிப் படிக்கிறவர் ஒருவர். சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாதவர். கை நடுங்குவதால் சின்ன பட்டனை மவுஸால் குறிவைக்க முடியாதவர். காது கேளாதவர். எழுத்துகளைக் கூட்டிப் படிக்கவே நேரம் எடுக்கிறவர். பாதி வழியில் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது மறந்துபோகிறவர். வலது கையில் மாவுக்கட்டோடு ஆறு வாரம் தள்ளுகிறவரும் இந்த வரிசைதான். வயது ஏற ஏற நாம் எல்லோருமே இதில் ஏதாவதொரு இடத்தில் போய் நிற்கப் போகிறோம்.

இவர்களில் நிறையப் பேருக்கு இணையக் கடை வெறும் வசதிக்கான விஷயம் இல்லை. படியேறி, நெரிசலில் நுழைந்து, 'இது என்ன நிறம்', 'இது என்ன விலை' என்று ஒவ்வொன்றுக்கும் அடுத்தவரைக் கேட்டு வாங்குவதைவிட, வீட்டில் உட்கார்ந்து தானே பார்த்து வாங்குவது எவ்வளவோ மேல். அதிகம் தேவைப்படுகிறவருக்குத்தான் கதவு சாத்திக்கிடக்கிறது என்பது இதில் உள்ள விநோதம்.

திரைவாசிப்பானுக்கு உங்கள் கடை எப்படித் தெரிகிறது

பார்வையற்றோர் கணினியையும் போனையும் பயன்படுத்துவது திரைவாசிப்பான் என்ற மென்பொருளை வைத்து. திரையில் இருப்பதை அது குரலில் வாசிக்கும், அல்லது விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் கருவிக்கு அனுப்பும். கணினியில் ஜாஸ், என்விடிஏ இரண்டும் பிரபலம். என்விடிஏ முற்றிலும் இலவசம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் 2006இல் இதைத் தொடங்கினார், அவரும் பார்வையற்றவர்தான். ஆப்பிள் கருவிகளில் வாய்ஸ்ஓவர், ஆண்ட்ராய்டில் டாக்பேக். 2009இல் வந்த ஐபோன் 3ஜிஎஸ் முதல் வாய்ஸ்ஓவர் போனிலேயே சேர்ந்து வருகிறது. பட்டன்களே இல்லாத வழவழப்பான கண்ணாடியைப் பார்வையற்றவர் எப்படிப் பயன்படுத்துவார் என்று அதுவரை கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது பதிலாக அமைந்தது. விரலால் ஒதுக்கினால் அடுத்த பொருளுக்குப் போய் அதன் பெயரைச் சொல்லும், இரண்டு முறை தட்டினால் திறக்கும்.

இங்கே புரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம், திரைவாசிப்பான் உங்கள் பக்கத்தின் தோற்றத்தைப் பார்ப்பதில்லை. பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் எச்டிஎம்எல் நிரலைத்தான் அது நம்பியிருக்கிறது. ஒவ்வொன்றைப் பற்றியும் அது மூன்று கேள்வி கேட்கும். உன் பெயர் என்ன? நீ என்ன வகை? இப்போது எந்த நிலையில் இருக்கிறாய்? ஒழுங்காக எழுதப்பட்ட அளவுத் தேர்வு 'நடுத்தரம், ரேடியோ பட்டன், தேர்வாகியுள்ளது, ஐந்தில் இரண்டாவது' என்று பதில் சொல்லும். கேட்பவருக்கு முழுப் படமும் கிடைத்துவிடும்.

என் துணிக்கடையில் அந்தக் கட்டங்கள் எல்லாம் வெறும் 'டிவ்'. டிவ் என்பது ஒரு காலிப் பெட்டி. அதற்குப் பெயர் கிடையாது, வகை கிடையாது, கீபோர்டுக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. நிறம் பூசி, ஓரத்தை வளைத்து, மவுஸ் பட்டால் வேலை செய்யும்படி நிரல் எழுதிவிட்டால் பார்க்கிறவர் கண்ணுக்கு அது பட்டன். மற்றபடி சுவரில் வரைந்த கதவு மாதிரிதான். அவற்றை எடுத்துவிட்டு எச்டிஎம்எல்லில் ஏற்கெனவே இருக்கும், பலவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வைக்கும் ரேடியோ பட்டன்களைப் போட்டு, மேலே அதே அலங்காரத்தைச் செய்தேன். ஒரு மதிய வேலை. அம்புக்குறி விசைகளால் அளவை மாற்றுவது தானாகவே வந்துவிட்டது. நிரல் எழுதுகிறவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் யோசனையும் இதுதான்: பட்டன் வேண்டுமா, பட்டனையே போடுங்கள். வேறு பக்கம் போக வேண்டுமா, இணைப்பைப் போடுங்கள். உலாவியில் இலவசமாகக் கிடைப்பதைத் தூக்கிப்போட்டுவிட்டு, அதையே நாமாகச் செய்து அரைகுறையாக முடிப்பதில்தான் பாதிச் சிக்கல் பிறக்கிறது. 'ஏரியா' என்று ஒரு கூடுதல் குறியீட்டு முறை இருக்கிறது. காலிப் பெட்டிக்கும் அதை வைத்துப் பெயரும் வகையும் கொடுக்கலாம். ஆனால் முதல் விதியாக அதை வகுத்தவர்களே சொல்வது, சாதாரண எச்டிஎம்எல் போதுமென்றால் ஏரியாவைத் தொடாதே என்பதுதான்.

அப்புறம் தலைப்புகள். பார்வை உள்ளவர் பக்கத்தை ஒரு நோட்டம் விடுகிறார். திரைவாசிப்பானில் அந்த நோட்டத்துக்கு ஈடானது தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவுவது. என்விடிஏவிலும் ஜாஸிலும் எச் விசையை அழுத்தினால் போதும். பொருளின் பெயர், விவரம், மதிப்புரைகள் ஆகியவற்றை நிஜமான தலைப்புகளாகக் குறித்திருந்தால் இரண்டே தாவலில் மதிப்புரைக்கு வந்துவிடலாம். தடித்த எழுத்தை மட்டும் போட்டு அதைத் தலைப்பு என்று நினைத்துக்கொண்டால், அவர் பக்கம் முழுவதையும் மேலிருந்து கீழே கேட்டுத்தான் ஆக வேண்டும். நான் நாற்பது தடவை டேப் அழுத்திய மெனுவுக்கும் மருந்து உண்டு. பக்கத்தின் உச்சியில் 'முதன்மைப் பகுதிக்குச் செல்' என்று ஒரு இணைப்பு. டேப் அழுத்தும்போது மட்டும் தலைகாட்டினால் போதும்.

தமிழில் கடை நடத்துகிறவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. பக்கம் எந்த மொழியில் இருக்கிறது என்பதை நிரலின் தொடக்கத்தில் 'லாங்' என்ற இடத்தில் குறிப்பிட வேண்டும். ஆங்கில வார்ப்புருவை வாங்கி எழுத்தை மட்டும் தமிழாக்குகிறவர்கள் இதை மாற்ற மறந்துவிடுகிறார்கள். பல திரைவாசிப்பான்கள் இதைப் பார்த்துத்தான் குரலை மாற்றுகின்றன. ஆங்கிலம் என்று எழுதியிருந்தால் தமிழ் எழுத்தை ஆங்கிலக் குரலிடம் கொடுக்கும். அந்தக் குரலோ திணறும், இல்லையென்றால் வாயே திறக்காது. ஒரே ஒரு வரி மாற்றம்.

படமும் விலையும்

ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரை, அதாவது படத்தில் இருப்பதைச் சொல்லும் சிறு விளக்கம், தர வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த பாடம். எதை எழுதுவது என்பதில்தான் தடுமாற்றம். கோப்பின் பெயரே மாற்று உரையாக வந்து விழுவதும் நடக்கிறது, 'படம்' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவதும் நடக்கிறது. நான் வைத்துக்கொண்டிருக்கும் கேள்வி: இந்தப் படத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறவர் எதைத் தெரிந்துகொள்கிறார்? தோள்பை ஒன்று என்றால் 'பழுப்புத் தோல் தோள்பை, முன்பக்கம் ஜிப் வைத்த இரண்டு பைகள், நீளம் மாற்றக்கூடிய வார்' என்று எழுதலாம். இரண்டாவது படம் உட்புறத்தைக் காட்டினால் உட்புறத்தைச் சொல்லுங்கள், அதே வரியைத் திரும்ப ஒட்டாதீர்கள். வெறும் அலங்காரப் படம் என்றால் மாற்று உரையைக் காலியாக விட்டுவிடலாம், திரைவாசிப்பான் தாண்டிப் போய்விடும். காலியாக விடுவது வேறு, அந்த இடத்தையே எழுதாமல் விடுவது வேறு. எழுதாமல் விட்டால் சில திரைவாசிப்பான்கள் கோப்புப் பெயரைப் படித்துத் தொலைக்கும்.

நிறங்களுக்குக் கவித்துவமாகப் பெயர் வைப்பது ஒரு வழக்கமாகிவிட்டது. 'நள்ளிரவுக் கனவு' என்றால் கறுப்பா, கருநீலமா? பார்க்கிறவருக்கே குழப்பம். கூடவே 'கருநீலம்' என்று ஒரு சொல் சேர்த்தால் பார்வையற்றவருக்கும், நிறக்குருடு உள்ளவருக்கும், நல்ல கண் உள்ள எனக்கும் சேர்த்து உபகாரம்.

தள்ளுபடியில் ஒரு சுவாரசியமான கண்ணி இருக்கிறது. பழைய விலையின் மேல் ஒரு கோடு, பக்கத்தில் புது விலை. கண்ணுக்குச் சட்டென்று புரியும். ஆனால் பெரும்பாலான திரைவாசிப்பான்கள் வழக்கமான அமைப்பில் அந்தக் கோட்டைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. இரண்டு எண்கள் அடுத்தடுத்து வந்து விழும், எதைக் கட்டுவது என்று தெரியாது. திரையில் தெரியாமல் குரலுக்கு மட்டும் கேட்கும்படி 'முந்தைய விலை', 'இப்போதைய விலை' என்று எழுதும் வழி இருக்கிறது. நட்சத்திர மதிப்பீடும் இதே கதைதான். ஐந்து நட்சத்திரப் படங்களுக்குப் பதிலாக 'ஐந்துக்கு நான்கு' என்று ஒரு வரி கேட்க வேண்டும். தள்ளுபடி அறிவிப்பை ஒரே பெரிய படமாகச் செய்து, அதன் குறியீட்டையும் படத்துக்குள்ளேயே எழுதிவிடுவது, அளவு அட்டவணையைப் படமாக ஒட்டுவது ஆகிய இரண்டையும் கைவிட்டுவிடுங்கள். எழுத்தை எழுத்தாகவே போட்டால் பெரிதாக்கலாம், நகலெடுக்கலாம், தேடலாம். பொருளைக் காட்டும் வீடியோவில் பேச்சு இருந்தால் கீழே வசனம் ஓட வேண்டும்.

நிறம், அளவு, அசைவு

வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து என்றால் வடிவமைப்பாளர்களுக்கு ஏனோ அப்படியொரு பிரியம். இதற்குக் கணக்கே இருக்கிறது. இணையத்தின் தரங்களை வகுக்கும் உலகளாவிய வலை அமைப்பான டபிள்யூ3சி, டபிள்யூசிஏஜி என்ற வழிகாட்டுதல்களை வெளியிட்டு வருகிறது. 2.0 பதிப்பு 2008இல் வந்தது, 2.1 பதிப்பு 2018இல், 2.2 பதிப்பு 2023இல். உணர முடிய வேண்டும், இயக்க முடிய வேண்டும், புரிய வேண்டும், எந்தக் கருவியிலும் நிலைத்து வேலை செய்ய வேண்டும் என்ற நான்கு தூண்களின் மேல் அது நிற்கிறது. ஏ, ஏஏ, ஏஏஏ என்று மூன்று படிநிலைகள் உண்டு. பொதுவாக எல்லோரும் குறிவைப்பது நடுவில் உள்ள ஏஏ. அதன்படி சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும், பெரிய எழுத்துக்கு 3க்கு 1 போதும். வெள்ளையின் மேல் #767676 என்ற சாம்பல் இதில் மயிரிழையில் தேறிவிடும், #777777 தோற்றுவிடும். அதைவிட வெளிர் சாம்பலில் விலையையும் விநியோக நாளையும் எழுதியிருக்கும் கடைகள் ஏராளம். வெயிலில் நின்றுகொண்டு போனைப் பார்த்திருந்தால் இந்தக் கஷ்டம் உங்களுக்கும் தெரியும்.

நிறத்தை மட்டும் வைத்துச் சேதி சொல்லாதீர்கள் என்பது இன்னொரு விதி. இருப்பில் உள்ளது பச்சைப் புள்ளி, தீர்ந்துபோனது சிவப்புப் புள்ளி என்று இருந்தால், அந்த இரண்டும் ஒன்றாகத் தெரிகிறவர் என்ன செய்வார்? நிறப் பார்வைக் குறைபாடு பெண்களைவிட ஆண்களுக்கே அதிகம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 12 பேரில் ஒருவருக்கு இது உண்டு. புள்ளிக்குப் பக்கத்தில் 'தீர்ந்துவிட்டது' என்று எழுதினால் வேலை முடிந்தது.

பக்கத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கன்ட்ரோல் விசையோடு கூட்டல் குறியை அழுத்தி 400 சதவீதம் வரை கொண்டுபோங்கள். வரிகள் மடிந்து ஒரே நெடுவரிசையாகக் கீழே இறங்க வேண்டும். ஒவ்வொரு வரியையும் படிக்கப் பக்கவாட்டில் இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டியிருந்தால், அல்லது 'வாங்கு' பட்டன் திரைக்கு வெளியே ஓடிப்போயிருந்தால், பிழை இருக்கிறது என்று அர்த்தம். நல்ல செய்தி, போனுக்கு ஒழுங்காக வடிவமைத்த கடை இந்தச் சோதனையில் பெரும்பாலும் தேறிவிடும்.

எண்ணிக்கையைக் கூட்டும் குறைக்கும் அந்தக் குட்டி குட்டிக் கூட்டல் கழித்தல் பட்டன்கள் கை நடுங்குகிறவருக்குப் பெரும் சோதனை. 2.2 பதிப்பு குறைந்தது 24க்கு 24 பிக்சல் கேட்கிறது. நான் 44 வரை போகச் சொல்வேன். விலை வரம்பை இழுத்து இழுத்து நிறுத்தும் பட்டை இருந்தால், பக்கத்திலேயே எண்ணைத் தட்டச்சு செய்ய இரண்டு கட்டம் வையுங்கள். முகப்பில் தானாக ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரப் படவரிசை ஐந்து வினாடிக்கு மேல் ஓடினால் நிறுத்துவதற்கு ஒரு பட்டன் வேண்டும். அதையே எடுத்துவிட்டால் இன்னும் நிம்மதி என்பது என் சொந்த அபிப்பிராயம்.

கீபோர்டால் நகரும்போது இப்போது எங்கே நிற்கிறோம் என்பதைக் காட்ட உலாவி தானாகவே ஒரு சட்டம் போடும். 'அசிங்கமாக இருக்கிறது' என்று அதை ஒரே வரியில் அழித்துவிடுவது நம் துறையில் பரம்பரைப் பழக்கம். நானும் செய்திருக்கிறேன். அழிக்காதீர்கள். பிடிக்கவில்லையென்றால் உங்கள் கடையின் நிறத்தில் தடிமனாக வேறொன்று வரைந்துகொள்ளுங்கள்.

பணம் கட்டும் இடம்

கூடையில் போட்ட கணத்திலிருந்தே கவனம் வேண்டும். பட்டனை அழுத்தியதும் மேல் மூலையில் கூடையின் எண்ணிக்கை ஒன்று கூடுகிறது, 'சேர்க்கப்பட்டது' என்று ஒரு பெட்டி மூன்று வினாடி எட்டிப் பார்த்துவிட்டு மறைகிறது. திரைவாசிப்பானில் இருப்பவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. சேர்ந்ததா இல்லையா? மறுபடி அழுத்துகிறார். கூடையில் ஒன்றே போலப் பல. இதற்காகவே 'நேரலைப் பகுதி' என்று ஒன்று இருக்கிறது. பக்கத்தில் ஓர் இடத்தை அப்படிக் குறித்துவிட்டால் அங்கே எழுத்து மாறும்போதெல்லாம் திரைவாசிப்பான் தானாகவே சொல்லிவிடும். சாதாரண எச்டிஎம்எல் போதாமல் ஏரியா உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் இது.

தோன்றும் பாப்அப்களுக்கு மூன்று நல்ல பழக்கங்கள் போதும். திறந்ததும் குறி, அதாவது கீபோர்டு இப்போது நிற்கும் இடம், அதற்குள் போக வேண்டும், எஸ்கேப் அழுத்தினால் மூட வேண்டும், மூடியதும் முன்பு நின்ற இடத்துக்கே திரும்ப வேண்டும். 'எங்கள் செய்திமடலில் சேருங்கள்' பெட்டி திறந்து, மூடும் பட்டன் கீபோர்டுக்கு எட்டாமல், பின்னால் உள்ள கடையும் மறைந்துகிடந்தால் வாடிக்கையாளர் அங்கேயே சிறைதான்.

படிவத்துக்கு வருவோம். கட்டத்துக்குள் மங்கலாக 'பெயர்', 'பின்கோடு' என்று எழுதிவைத்து, வெளியே பெயர்ச்சீட்டு வைக்காமல் விடுவது எங்கும் காணும் கோளாறு. தட்டச்சு செய்யத் தொடங்கியதும் அந்த எழுத்து மறைந்துவிடும். நினைவாற்றல் குறைந்தவர், நடுவில் யாரோ கூப்பிட்டு எழுந்து போய் வந்தவர், எந்தக் கட்டத்தில் என்ன கேட்டார்கள் என்று முழிப்பார். ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே நிரந்தரமாக ஒரு லேபிள் வேண்டும். அது நிரலிலும் அந்தக் கட்டத்தோடு இணைந்திருக்க வேண்டும். பெயர், முகவரி, தொலைபேசி எண் போன்ற கட்டங்களுக்கு 'ஆட்டோகம்ப்ளீட்' குறிப்பைச் சேர்த்தால் உலாவியே நிரப்பிக் கொடுத்துவிடும். ஒவ்வொரு எழுத்தையும் சிரமப்பட்டு அடிக்கிறவருக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று சொல்லி மாளாது. அதேபோல விநியோக முகவரியைக் கேட்ட பிறகு பில்லுக்கான முகவரியை மறுபடி முதலிலிருந்து கேட்காமல், 'அதேதான்' என்று ஒரு டிக் கட்டம் கொடுங்கள்.

தப்பு நேர்ந்தால் அதைச் சொல்லும் விதமும் முக்கியம். கட்டத்தின் ஓரம் சிவப்பாக மாறியது என்பது பதில் இல்லை. 'தவறான உள்ளீடு' என்பதும் பதில் இல்லை. 'பின்கோடில் ஓர் இலக்கம் குறைகிறது' என்பது பதில். அந்த வாக்கியம் அந்தக் கட்டத்தோடு சேர்ந்தே வாசிக்கப்பட வேண்டும். படிவத்தை அனுப்பியதும் குறி நேராகப் பிழையிடம் போனால் இன்னும் நல்லது. ஏற்கெனவே எழுதியதை அழித்துத் தொலைக்கும் படிவங்களைப் பற்றி நான் இங்கே எழுதினால் நாகரிகமாக இருக்காது.

நேரக்கட்டுப்பாடு இன்னொரு தொல்லை. பாதுகாப்புக்காகக் கணக்கு தானாக வெளியேறும் என்றால், அதற்கு முன்பே எச்சரித்து, ஒரே விசையில் நேரத்தை நீட்டிக்கக் குறைந்தது 20 வினாடியாவது தர வேண்டும் என்கிறது வழிகாட்டுதல். அவசரப்படுத்தி வாங்க வைப்பதற்காக ஓடும் பொய்க் கடிகாரங்களுக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. நிதானமாகப் படிக்கிறவரை அவை வெறுமனே விரட்டுகின்றன.

வந்திருப்பது மனிதரா ரோபோவா என்று சோதிக்கும் கேப்சா விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. நெளிந்த எழுத்தைப் படி, போக்குவரத்து விளக்குள்ள படங்களைத் தேர்ந்தெடு என்று கேட்டால் பார்வையற்றவர் அங்கேயே நின்றுவிடுகிறார். ஒலி வடிவம் கொடுத்தாலும், கண்ணும் காதும் இரண்டும் குறைந்தவர் என்ன செய்வார்? வாடிக்கையாளரிடம் புதிர் போடாமல் பின்னணியிலேயே ரோபோக்களைக் கண்டுபிடிக்கும் முறைகள் இப்போது இருக்கின்றன. உள்நுழையும்போது நினைவாற்றல் சோதனையோ புதிரோ வைத்தால் மாற்று வழியும் கொடு என்று 2.2 பதிப்பு புதிதாகவே சேர்த்திருக்கிறது. கடவுச்சொல்லையும் ஓடிபியையும் ஒட்ட முடியாதபடி தடுப்பதும் இதில் சேர்த்தி. ஓடிபிக்கு ஆறு தனித்தனிக் கட்டங்கள் வைப்பது பார்க்க அழகு, ஒரே கட்டமாக வைப்பதுதான் தொல்லை இல்லாதது.

கடைசிப் படியான பணம் செலுத்தும் சாளரம் பெரும்பாலும் இன்னொரு நிறுவனத்தின் கையில் இருக்கும். 'அது எங்களுடையது இல்லை' என்று கைகழுவுவதுதான் வழக்கம். ஆனால் எந்தச் சேவையைத் தேர்ந்தெடுப்பது என்பது உங்கள் முடிவு. ஒப்பந்தம் போடுவதற்கு முன் அவர்களுடைய மாதிரிப் பக்கத்தையும் மவுஸ் இல்லாமல் ஒரு முறை கடந்து பாருங்கள்.

எங்கே தொடங்குவது

ஒரே வரி நிரலை ஒட்டினால் கடை முழுவதும் சரியாகிவிடும் என்று சொல்லி விற்கும் செருகிகள் நிறைய உண்டு. மூலையில் ஒரு மனித உருவப் பொத்தான் தெரியும், அழுத்தினால் எழுத்தைப் பெரிதாக்கும், நிறத்தை மாற்றும். திரைவாசிப்பான் பயன்படுத்துகிறவரிடம் அந்த வசதியெல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. அவருக்கு வேண்டியது பெயருள்ள பட்டன். காலிப் பெட்டியாக எழுதப்பட்ட பட்டன் ஒன்று எதற்காக வைக்கப்பட்டது என்பதை வெளியிலிருந்து ஒட்டும் நிரல் ஊகிக்கத்தான் முடியும், ஊகம் பல நேரம் தவறும். அப்படி மிகைப்படுத்தி விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தின் மீது அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2025இல் நடவடிக்கை எடுத்து, 10 லட்சம் டாலர் கட்டச் சொன்னது.

லைட்ஹவுஸ், ஆக்ஸ், வேவ் போன்ற இலவசச் சோதனைக் கருவிகள் நல்ல தொடக்கம். குறைந்த நிற வேறுபாடு, லேபிள் இல்லாத கட்டம், மாற்று உரை இல்லாத படம் ஆகியவற்றை நிமிடத்தில் பிடித்துவிடும். ஆனால் 'படம் 1' என்று மாற்று உரை எழுதியிருந்தால் அதற்கும் பாஸ் மார்க் போட்டுவிடும். அதற்கு அர்த்தம் தெரியாதே. அதனால் கருவிக்குப் பிறகு கீபோர்டு, கீபோர்டுக்குப் பிறகு போனில் திரைவாசிப்பானைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொருளை வாங்கிப் பார்ப்பது என்று போகலாம். அதற்கு முன் அதை அணைப்பது எப்படி என்று தெரிந்துகொள்ளுங்கள். ஏனென்றால் போட்டதும் தொடும் முறையே மாறிவிடும். முதல் நாள் நான் அரை மணி நேரம் என் போனோடு மல்லுக்கட்டினேன். எப்படியும் நாம் கண்ணை மூடிக்கொள்வதும், வருடக்கணக்கில் அப்படி வாழ்கிறவரின் அனுபவமும் ஒன்றாகாது. முடிந்தால் ஒரு மாற்றுத்திறனாளி வாடிக்கையாளருக்கு உரிய சம்பளம் கொடுத்துக் கடையைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பார்த்தால் போதும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்த முடியாது. முதலில் ஒரு பொருளை வாங்கும் பாதையை மட்டும் எடுத்துக்கொண்டு, வாங்க விடாமல் தடுப்பவற்றைச் சரிசெய்யுங்கள். எரிச்சலூட்டுபவை பிறகு. பட்டியல் பக்கமும் பொருள் பக்கமும் பெரும்பாலும் ஒரே வார்ப்புருவிலிருந்து வருவதால், ஓரிடத்தில் திருத்தினால் ஆயிரம் பொருள்களுக்கும் சேர்த்துத் திருத்தியதாகிவிடும்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பார்வையற்றோரின் தேசியக் கூட்டமைப்பு அமெரிக்காவில் டார்கெட் நிறுவனத்தின் இணையதளத்தின் மீது 2006இல் தொடுத்த வழக்கு, 2008இல் 60 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது. மாற்று உரை இல்லாததும், மவுஸ் இல்லாமல் வாங்க முடியாததும் அதில் முக்கியமான புகார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் அங்குள்ள நுகர்வோருக்கு விற்கும் இணையக் கடைகளுக்கும் பொருந்துகிறது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும், ஆண்டு வருவாயோ மொத்தச் சொத்துக் கணக்கோ 20 லட்சம் யூரோவைத் தாண்டாத மிகச் சிறிய சேவை நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. உங்கள் நாட்டின் விதி என்ன என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் கட்டியதோடு பாதை முடிவதில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பில்லை ஸ்கேன் செய்த படமாகப் பிடிஎஃபில் அனுப்பினால் திரைவாசிப்பானுக்கு அது வெற்றுத்தாள். பொருளைத் திருப்பி அனுப்ப 'இந்த எண்ணுக்கு அழைக்கவும்' என்று மட்டும் போட்டிருந்தால் காது கேளாதவர் யாரை அழைப்பார்? ஒரு மின்னஞ்சல் முகவரியையும் சேர்த்துப் போடுங்கள். கடையின் அடிப்பகுதியிலும், 'இந்தக் கடையைப் பயன்படுத்துவதில் சிரமம் இருந்தால் எழுதுங்கள்' என்று அதே முகவரியைக் கொடுங்கள். என் துணிக்கடையில் அதைப் போட்ட இரண்டாவது வாரம் முதல் கடிதம் வந்தது. அளவுத் தேர்வு சரியாக இருக்கிறதாம். கூப்பன் கட்டத்துக்குத்தான் லேபிள் இல்லையாம்.